பாக்கியம் அக்கா திருப்பித் தந்த தட்டு

பாக்கியம் அக்கா தட்டைத் தொடவில்லை.

நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமச் சிமிழ், எல்லாவற்றுக்கும் மேலே மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் காலை. லயத்து வரிசை வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், கட்டிய கொடியில் துவைத்த துணிகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு பொரிக்கிறார்கள். சாப்பிடாமல் கிளம்பி வந்த எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, கை வேறு வலிக்கிறது. பாக்கியம் அக்கா தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"உள்ளுக்கு வாங்க முதலாளியம்மா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வெத்தில மட்டும் வேணாங்க."

கொண்டுபோன வெற்றிலையை ஒருவர் வாங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் மலைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன். அவ்வளவுதான்.

அப்படி என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. ஃபேஷன் ஷோ.

சிரியுங்கள், பரவாயில்லை. பதுளை முழுக்கச் சிரித்து முடித்த விஷயம்தான்.

வாய் செய்த வேலை

எங்கள் குடும்பப் புடவைக்கடையின் மாடியில் நான் தையல் கடை போட்ட கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராசு அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். "எலி ஓடுற மாடின்னு எழுதத் தெரிஞ்ச உனக்கு, அண்ணன் சும்மா குடுத்தான்னு ஒரு வரி எழுதத் தெரியலையா?" என்றார். சரி, எழுதிவிடுகிறேன். மாடியை அண்ணன் சும்மாதான் தந்தார். எலியையும் சும்மாதான் தந்தார்.

கொரோனாவும் அதற்குப் பின்னால் வந்த பெட்ரோல் வரிசையும் ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட நேரம். கொழும்பில் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணம். அங்கே பெரிய உடுப்புக்கடை வைத்திருக்கும் அம்மணி ஒருவர் என் பிளவுஸ் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எந்த ஊர் என்றார். பதுளை என்றேன்.

"பதுளையிலயா? அங்க இதெல்லாம் யாரு உடுக்கப் போறா?"

கெட்ட மனசோடு கேட்கவில்லை. பாராட்டுகிற குரலில்தான் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அடுத்த வருஷம் பதுளைக்கு வாங்க. ஃபேஷன் ஷோ வச்சிருக்கேன், பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று என் காதுக்கே கேட்டது.

திரும்பி வரும் ரயிலில் முதலில் அந்த அம்மணியைத் திட்டினேன். பண்டாரவளை தாண்டியதும் என்னைத் திட்டினேன். ஹாலிஎல ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, சொன்னது சொன்னதுதான், நடத்திவிடுவோம் என்று துணிந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் மணப்பெண் அலங்காரப் போட்டி நடந்ததுண்டு. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி உண்டு. ஆனால் உடுப்பைத் தைத்து, அதைப் போட்டு நடக்க ஆள் வைத்து, பார்க்க நாலு பேரைக் கூட்டுவது என்று நானறிய யாரும் செய்ததில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவர் கடையில் இருந்தவர்களைப் பார்த்து, "இவளுக்கு யாராவது தேசிக்காய் வெட்டிச் சுத்திப் போடுங்கப்பா" என்றார்.

நிலூகா மட்டும்தான் சிரிக்கவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் அழகு நிலையம் வைத்திருக்கும் சிங்களத் தோழி. "பானு அக்கா, ஏன் பயம்? முகம் எல்லாம் நான் பாக்குறேன். நீங்க உடுப்பு மட்டும் பாருங்க" என்றாள். தமிழில் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் முடியாது என்ற வார்த்தை இல்லை. அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுத இந்தத் தொடர் போதாது.

தூணடிக் கண்ணாடி

உண்மையில் எனக்கு ஃபேஷன் ஷோ புதிதில்லை. சின்ன வயதிலிருந்து வருடா வருடம் பார்த்தவள்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எங்கள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. லுணுகலைப் பக்கமிருந்தெல்லாம் தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடையின் நடுத்தூணில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, சட்டையை மேலே வைத்துப் பார்ப்பார்கள். "திரும்பு. அங்கிட்டுத் திரும்பு. நடந்து காட்டு." பிள்ளை கண்ணாடியிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வரும். ஈரத் துணி, புதுத் துணியின் கஞ்சி வாசனை, யாரோ கொண்டு வந்த கடலை வடையின் வாசனை. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதே கவனித்த ஒன்று உண்டு. அந்த அம்மாமார் கண்ணாடியில் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். தங்களுக்கென்று சேலை எடுத்தால் விரலால் துணியை ஒரு தரம் தடவிப் பார்த்து, மடித்த வாக்கிலேயே கட்டச் சொல்லிவிடுவார்கள். தோளில் போட்டுப் பார்ப்பவர்கூட அபூர்வம். "நமக்கென்னத்துக்குங்க கண்ணாடி" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

கடையைப் புதுப்பித்தபோது அண்ணன் அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடப் பார்த்தார். சண்டை போட்டு மாடிக்கு ஏற்றிக்கொண்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. கீழ் மூலையில் மட்டும் ரசம் போயிருக்கிறது.

நம்மள யாரு அழைச்சா?

கொழும்பிலிருந்து மாடல் கொண்டுவர என்னால் ஏலாது, ஆசையும் இல்லை. கடைவீதியில் வேலை செய்யும் பெண்களையே கேட்டேன். புடவைக்கடை, பேக்கரி, போன் கடை என்று நிற்கிற பிள்ளைகள், பெரும்பாலும் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். கேட்டதும் வெட்கம், சிரிப்பு, ஓட்டம். ஒருவழியாக ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

சிந்து அவர்களில் ஒருத்தி. எங்கள் கடையிலேயே சேலைப் பகுதியில் நிற்பவள், பாக்கியம் அக்காவின் மகள். நடந்து காட்டச் சொன்னபோது மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து, நேரே பார்த்து, கடகடவென்று நடந்தாள்.

"யாருடி உனக்கு இந்த நட சொல்லிக் குடுத்தா?"

"யாருங்க சொல்லிக் குடுக்குற? கடைசி பஸ்ஸுக்கு ஓடுற நடதான் அக்கா."

கடைசியாக வரப்போகும் உடுப்பை அவளுக்கென்று வைத்தேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், காலைப் பனியில் நனைந்த செடி சேலையை நனைக்காமல் இருக்க, இடுப்பைச் சுற்றித் தடித்த பொலித்தீன் சீட்டோ சாக்கோ கட்டிக்கொள்வார்கள் இல்லையா, படங்கு என்று சொல்வோமே, அதைத்தான் மாதிரியாக எடுத்திருந்தேன். மழைக்கோட்டுத் துணியில் கரும்பச்சைப் படங்கு. ஓரத்தில் பழைய பட்டுச் சேலையின் அரக்குக் கரை. பக்கத்தில் ஒரு பை. இடுப்பில் சுற்றி முடிந்தால் ஒரு மடிப்பு தானாக விழும். அந்த மடிப்பு விழுவதற்காக மாதக் கணக்கில் வெட்டிப் பிரித்து வெட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையில் தைத்ததிலேயே நல்ல உடுப்பு அதுதான் என்று எனக்குத் தெரியும்.

மண்டபம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கல்யாணங்கள் பிடித்துவிட்டதால் சனிக்கிழமை பின்னேரம். அழைப்பிதழைப் படம் பிடித்து எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். கடைவீதியில் போஸ்டர் ஒட்டினேன். காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சிந்து மெதுவாக வந்து நின்றாள். "அக்கா, எங்க ஆளுக யாரும் வரமாட்டாங்க போல இருக்கு. புள்ளைகளையும் விட மாட்டோம்ங்கிறாங்க."

"ஏன்? எல்லாருக்கும்தானே அனுப்பினேன்!"

"அனுப்பினத பாத்தாங்க. பாத்துட்டு, நம்மள யாரு அழைச்சான்னு கேக்குறாங்க. வெத்தில வைக்காம எப்புடிங்க வருவாங்க? பொம்பளப் புள்ளய மேடையில ஏத்துற காரியம், வூட்டு வாசலுக்கு வந்து ஒரு வார்த்த கேக்கலையேன்னு அம்மாமாருக்கெல்லாம் கோவம்."

பதுளையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனது எப்படி? அண்ணன் கல்லாவில் இருந்தபடியே தலையை ஆட்டினார். "போஸ்டர் பாத்து வர்றதுக்கு அவங்க என்ன படம் பாக்கவா வர்றாங்க? போ. போய் முறையா அழைச்சிட்டு வா."

அண்ணி தன் அம்மா வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தட்டை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தார். "பத்திரம் பானு. எங்கம்மா குடுத்தது" என்று ஒரு தரத்துக்கு மூன்று தரம் சொன்னார். தட்டோடு லயம் லயமாக ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் தேநீர். சில இடத்தில் ரொட்டியும் கட்டச் சம்பலும். வெற்றிலையை எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். வாசலுக்கு வந்துவிட்டேன் அல்லவா, கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் வயிறுதான் தேநீரில் மிதந்தது.

சிந்துவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கேதான் கை வலிக்க நின்றது.

"மரியாதன்னா நீங்க கட்டி நடங்க"

உள்ளே போய் உட்கார்ந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ என்னத்த உடுத்திட்டு நடக்கப் போறா?" என்று பாக்கியம் அக்கா கேட்டார்.

இதற்குத்தானே காத்திருந்தேன்! போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலால் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"இது படங்குதானே?"

"ஆமாங்க அக்கா, படங்கேதான். கரைய பாருங்க, பட்டுக்கர. பாக்கெட்டும் வச்சிருக்கேன்."

"இத எதுக்கு என் புள்ள கட்டணும்?"

"இது உங்க வேலைக்கு நாங்க குடுக்குற மரியாத அக்கா."

அவர் போனை என் கையில் திருப்பித் தந்தார். "மரியாதன்னா நீங்க கட்டி நடங்க" என்றார்.

குரலை உயர்த்தவே இல்லை. தொடர்ந்து சொன்னார்: "அவ இடுப்புல இது ஏறக்கூடாதுன்னுதாங்க நான் இத்தன வருஷமா கட்டுறேன். மழையிலயும் கட்டுனேன், காய்ச்சலோடயும் கட்டுனேன். படிக்க வச்சு, கடைக்கு அனுப்பி, இப்பத்தான் சேல கட்டி நிழல்ல நிக்கிறா. நீங்க லைட்டப் போட்டு, பாட்டப் போட்டு, ஊரக் கூட்டி வச்சு அதையே அவ இடுப்புல கட்டி விடுறீங்க. பாக்குறவன் என்ன சொல்லுவான்? எங்க சுத்தினாலும் இதுகளுக்குப் படங்குதான்னு சொல்ல மாட்டானா?"

பதில் வராதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். பிறவிக் குணம், என்ன செய்வது? எழுந்தேன். "கொண்டு வந்த வெத்திலய திருப்பி எடுத்துக்கிட்டுப் போற பழக்கம் எனக்கில்ல அக்கா" என்று சொல்லி, தட்டை அப்படியே இஸ்தோப்பில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் முதல் கேள்வி, "பானு, தட்டு எங்க?"

"வரும்."

"எங்கம்மா குடுத்த..."

"வரும்னு சொல்றேன்ல அண்ணி!"

மறுநாள் சிந்து மாடிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அம்மா வரலன்னா நான் நடக்க மாட்டேங்க அக்கா."

"சரி, உடுப்பு புடிக்கலன்னா சொல்லு."

"உடுப்பு எனக்குப் புடிச்சிருக்கே. அதாங்க பிரச்சினையே. நீங்க உடுப்ப மாத்த வேணாம். அம்மாவ மட்டும் வர வைங்க."

என்னவோ அவள் அம்மாவை நான் என் கைப்பையில் வைத்திருப்பது மாதிரி! வேறு பெண்ணுக்கு அந்த உடுப்பை மாட்டிப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை. பிடிவாதம் யாரை விட்டது? படங்கை ஷோவிலிருந்து எடுக்க மனமில்லை, பாக்கியம் அக்காவிடம் மறுபடி போகவும் மனமில்லை. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. சிந்து தினமும் வேலைக்கு வந்தாள், ஒத்திகைக்கும் வந்தாள், நடக்கச் சொன்னால் மட்டும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள்.

பன்னீர் தெளித்த ஃபேஷன் ஷோ

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை.

மத்தியானம் மண்டபத்து வாசலில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. எங்கேயோ சாமி ஊர்வலம் போகிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ஊர்வலம் எங்கள் வாசலுக்குள்தான் வந்துகொண்டிருந்தது. முன்னால் தப்பு. பின்னால் பட்டுச் சேலையில் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு. அன்னாசி, மாதுளம்பழம், வளையல், பிஸ்கட் பெட்டி, பவுடர் டப்பா, சேலை, பாவாடை. லொறியில் வந்தவர்கள் தட்டுகளுக்கு மேல் பொலித்தீன் விரித்துப் பிடித்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெற்றிலை வைத்து அழைத்துவிட்டேன். மேடையில் பெண்பிள்ளை அலங்கரித்து வந்து நிற்கப் போகிறாள். அழைப்பிதழில் ஃபேஷன் ஷோ என்று என்ன எழுத்தில் அச்சடித்திருந்தால் என்ன? அவர்களுக்கு இது பிள்ளையின் விசேஷம். சீர்த் தட்டு இல்லாமல் வெறுங்கையோடு எப்படி வருவார்கள்?

"ஐயோ அக்கே, இது எல்லாம் எங்க வைக்கிறது?" என்று நிலூகா கையைப் பிசைந்தாள்.

அப்போது பார்த்தேன், ராசு அண்ணனை. இத்தனை நாளும் என்னைக் கேலி பண்ணிக்கொண்டு திரிந்த மனுஷன், காற்சட்டையோடு வந்தவர், எங்கிருந்தோ வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். "வெத்தில வச்சு அழைச்சிட்டு, வர்றவங்களுக்கு வாசல்ல ஆளில்லாம நிப்பாட்டுவியா? பன்னீர்ச் செம்ப எடு! சந்தனம் எங்க? கற்கண்டு வாங்கிட்டு வரச் சொல்லு!" மண்டபத்து அலமாரியில் கல்யாணங்களுக்கு வைத்திருந்த பன்னீர்ச் செம்பு வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவர் மேலும் தெளித்து, "வாங்க, வாங்க, சந்தோஷம்" என்று அண்ணன் கும்பிட்டதைப் பார்த்து, நானும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணா, இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். படித்துவிட்டுச் சும்மா இருங்கள்.

தட்டுகளை நடைமேடையின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தோம். வேறு இடம் இல்லை. பழமும் பூவும் பட்டும் நடுவில் பாதை விட்டு நீளமாகக் கிடந்தன. சொன்னபடியே கொழும்பிலிருந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மணி, "என்ன ஐடியா பானு இது! இந்த செட்டிங் யாரு பண்ணினது?" என்று கேட்டார். "நாங்கதான்" என்றேன். பொய் இல்லையே.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நடந்தார்கள். பேக்கரிப் பிள்ளை நடந்தபோது அவள் அம்மா எழுந்து, நடுப் பாதையில் போய், நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு வந்தார். பிறகு யார் சும்மா இருப்பார்கள்? அடுத்த பிள்ளைக்கு அத்தை, அதற்கடுத்தவளுக்குச் சித்தி. ஒலிபெருக்கிக்காரர் பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டார். யாரும் குறை சொல்லவில்லை. நானும் உள்ளே நின்று சிரித்துக்கொண்டும் ஊசி கோத்துக்கொண்டும் இருந்தேன்.

ஆனால் அறையின் மூலையில் சிந்து முகத்துக்கு ஒப்பனை போட்டு, கண்ணுக்கு மை பூசி, தலை அலங்காரம் முடித்து, வீட்டு உடுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே கொக்கியில் கரும்பச்சைப் படங்கு. இன்னும் இரண்டு பேர். பிறகு அவள்தான்.

"சிந்து, கும்புட்டுக் கேக்குறேன்டி."

"அம்மா வரலையே அக்கா."

சேலை

பின் கதவை யாரோ தட்டினார்கள்.

பாக்கியம் அக்கா. தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. கணுக்காலுக்கு மேல் சேறு. காலையில் மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்து, குளித்து உடுத்திப் பஸ் ஏறியிருக்கிறார். ஹாலிஎல கிட்ட மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மிச்ச தூரம் கொஞ்சம் நடையும் கொஞ்சம் யாரோ ஒருவருடைய லொறியுமாக வந்திருக்கிறார். முந்தானைக்குள் மார்போடு அணைத்து எதையோ மூடியிருந்தார். திறந்தார். அண்ணியின் பித்தளைத் தட்டு.

"தட்ட வுட்டுட்டு வந்துட்டீங்க. திருப்பிக் குடுக்கணும்ல" என்றார். மூச்சு வாங்கினார். "வெறுந் தட்டா எப்புடிங்க குடுக்குறது?"

தட்டில் ஒரு சேலை இருந்தது. கடுகு மஞ்சளில் பச்சைக் கரை, பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கண்ணாடி வளையல், ஒரு முழம் பூ. அவர் நனைந்திருந்தார். தட்டு நனையவில்லை.

"இதக் கட்டி விடுங்க எம் புள்ளைக்கி. கட்டுனா இருந்து பாக்குறேன். படங்குன்னா இப்பவே போயிடுறேன்."

சீராக வந்த சேலையை அந்த இடத்திலேயே உடுத்திச் சபைக்கு வந்து நிற்க வேண்டும், கொண்டு வந்தவர் காலில் விழுந்து கும்பிட வேண்டும். எங்கள் ஆட்களின் முறை அது. அண்ணன் பின் கதவுப் பக்கம் வந்தவர், சேலையைப் பார்த்துவிட்டு என் காதில், "இது நம்ம கடச் சேல இல்லையே" என்றார். "வாய மூடுங்கண்ணே!"

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொக்கியில் தொங்குவது என் மாதக்கணக்கு உழைப்பு. வெளியே கொழும்பு அம்மணி உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சேலையோ எந்தக் கடைவீதியிலும் கிடைக்கிற சேலை. சிந்து எழுந்து நின்று, அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். நான் பாக்கியம் அக்காவின் சேற்றுக் காலைப் பார்த்தேன். அந்தக் காலைப் பார்த்த பிறகு என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

"உறையப் பிரி, நிலூகா" என்றேன்.

இஸ்திரி போட நேரமில்லை. கடை மடிப்புக் கோடுகள் சேலையில் கட்டம் கட்டமாக நின்றன. படங்குக்கென்று தைத்த கறுப்புப் பிளவுசையே போட்டோம். நான் கொசுவம் பிடித்தேன், நிலூகா ஊசி குத்தினாள், பாக்கியம் அக்கா பூ வைத்தார். வைத்துவிட்டுச் சபைக்குப் போனார். நனைந்த சேலையோடு நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டுக் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டார்.

சிந்து நடந்தாள். கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற நடை இல்லை அன்றைக்கு. நிதானமாக, இரண்டு பக்கமும் தட்டுகளுக்கு நடுவே, மடிப்புக் கோடு தெரிகிற சேலையில் நடந்தாள். மேடை முடிகிற இடத்தில் நின்று திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தோம். நின்றாள். திரும்பவில்லை. கொசுவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, முன் வரிசையைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், கடைசிச் சுவரில் நின்ற அம்மாவின் சேற்றுக் காலில் விழுந்தாள்.

யாரோ ஒரு பெண் குலவையிட்டார். அடுத்த கணம் மண்டபம் முழுக்கக் குலவை. தப்புக்காரர்கள் கேட்காமலே அடிக்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கிக்காரர் தன் பெட்டியை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றுவிட்டார். பாக்கியம் அக்கா மகளைத் தூக்கி நிறுத்தி, நான் அவசரத்தில் பிடித்த கொசுவத்தைச் சரி செய்துவிட்டதை நான் கதவிடுக்கிலிருந்து பார்த்தேன். அழுதேன். நிலூகாவும் அழுதாள். மை பூசுகிறவளே அழுதால் யார் துடைப்பது?

கொக்கியில் தொங்கியது

அதற்குப் பிறகும் ஷோ வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வெற்றிலை வைத்துத்தான் அழைக்கிறேன், தட்டும் வருகிறது. பன்னீருக்கு அண்ணன் பொறுப்பு. கொழும்பு அம்மணி இப்போது என்னிடம் பிளவுஸ் தைக்கிறார். அண்ணி தட்டைப் பூட்டி வைத்துவிட்டார். எனக்கு வேறு தட்டு வாங்கித் தந்திருக்கிறார்.

மழையில் லொறி ஏறி வந்த அத்தனை அம்மாமாருக்கும் நான் அன்று சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். உங்களில் பலர் இதைப் படிக்க மாட்டீர்கள். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

முதல் ஷோ முடிந்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிந்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். யாரும் உடுத்தாத படங்கு அப்போதும் கண்ணாடிப் பக்கத்துக் கொக்கியில்தான் தொங்கியது. பாக்கியம் அக்கா அதன் முன்னால் போய் நின்றார். தையலைத் திருப்பிப் பார்த்தார். பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இது இன்னும் விக்கலையா தங்கச்சி?"

முதலாளியம்மா போய்த் தங்கச்சி ஆகியிருந்தேன். "விக்கிறதுக்கு இல்லக்கா" என்றேன்.

"நீங்களும் கட்டி நடந்த மாதிரித் தெரியல."

சிந்து களுக்கென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எம் புள்ளைக்கி வேணாம்னேன். வேணாம்னா வேணாந்தான், அதுல மாத்தமில்ல" என்று பாக்கியம் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கொக்கியிலிருந்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எனக்குக் கட்டி வுடுங்க. காலையில மலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போறேன். சாக்குன்னா குத்துது."

கட்டிவிட்டேன். மடிப்பு தானாக விழுந்தது.

"நடந்து காட்டும்மா" என்றாள் சிந்து.

"போடி!" என்றவர் கண்ணாடியிலிருந்து வாசல் வரை நடந்தார், திரும்பி வந்தார். கண்ணாடி முன்னால் நின்று தன்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மெல்லத் திரும்பிக் கழுத்தை வளைத்துத் தன் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டார்.

"கீழ இன்னும் நாலு வெரக்கட எறக்கணும் தங்கச்சி" என்றார். "இல்லாட்டி மலையில கால்ல அட்ட ஏறும்."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.